அண்ணி சொன்ன எடை

"உங்க அக்கா எவ்வளவு எடை இருப்பாங்க?"

கணவன் குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கு வழியாக வெளியே வந்தது.

"என்ன கேட்ட?"

"எடைங்க. கிலோக் கணக்குல. ஒரே ஒரு நம்பர். அது மட்டும் கிடைச்சா என் வேலை முடிஞ்சுது."

"வேலை முடியாது. நம்ம கதைதான் முடியும்" என்று சட்டையைத் துடைத்துக்கொண்டான் அவன். "அவளோட வயசையே நான் கேட்டதில்ல. அவ எனக்கு எத்தனை வயசு மூத்தவன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நீ எடையைக் கேக்கற!"

எடையைக் கேட்ட மனைவிக்குத் தொழிற்சாலையில் கணக்கம்மா என்று பெயர். சம்பளக் கணக்கு எழுதுபவள் என்று நினைத்துவிட வேண்டாம். சுற்றுகிற எந்தப் பொருளுக்கும் நடுவில் ஒரு பேரிங் உட்கார்ந்திருக்கும். இரண்டு எஃகு வளையம், அவற்றுக்கு நடுவில் உருளுகிற குண்டுகள். அந்தக் குண்டுகள் எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு காலம் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவள் வேலை. சொல்வதோடு சரி. கேட்பதற்குத்தான் ஆள் கிடையாது. முதலாளி பேரிங்கை உள்ளங்கையில் வைத்து ஒரு சுற்று சுற்றுவார், காதருகே கொண்டுபோய்ச் சத்தம் கேட்பார், "இது போதும்" என்பார். அத்தோடு பேரிங் பெட்டிக்குள் போகும், அவள் கணக்கு அலமாரிக்குள் போகும்.

இப்போதுதான் முதல் தடவையாக அவரே வந்து கணக்குக் கேட்டிருந்தார். கேட்டுத் தொலைக்கவேண்டிய நிலைமை. பெரிய நாடக அரங்கின் சுழல்மேடை, அவர் "இது போதும்" என்று சொன்ன பேரிங்கின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் அரசவைக் காட்சியில் மேடை பாதி சுற்றி, ஒரு விக்கல் விக்கி, நின்றுவிட்டது. மேடைதான் நின்றது, அரியணை நிற்கவில்லை. ராஜா அரியணையோடு வழுக்கிக்கொண்டே போய் வாத்தியக்காரர்கள் மடியில் விழுந்தார். அதுவும் நாடகத்தில் உள்ளதுதான் போலிருக்கிறது என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ராஜாவுக்கு மட்டும் இன்னும் இடுப்பு வலி போகவில்லை.

"இந்தத் தடவை கண்ணால பாத்து மாட்டக் கூடாது, கணக்குப் போட்டு மாட்டணும்" என்று அரங்கத்தார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கணக்கம்மாவுக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. மேடையின் எடை தெரியும். உடைகள், கிரீடங்கள், அரியணை எல்லாவற்றையும் தராசில் போட்டு நிறுத்தாயிற்று. துணிமணி பொய் சொல்லாது. மேடையில் நிற்கப்போகிற பத்தொன்பது பேரில் பதினெட்டுப் பேர் தங்கள் எடையை அவரவர் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். எல்லோருமே ஐம்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில். மந்திரியாக நடிப்பவர் எந்த வாசலிலும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார், அவரும் அறுபத்திரண்டுதான். நாடகக்காரர்கள் உடம்பை எவ்வளவு கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று கணக்கம்மா மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். எண் என்று யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவது அவள் சுபாவம்.

மிச்சம் ஒருவர்தான். மகாராணி. குழுவின் மூத்த நடிகை. அவளுடைய நாத்தனார். கணவனுக்கு அக்கா, அவளுக்கு அண்ணி.

"சும்மா ஒரு நம்பரை நீயே போட்டுக்கோயேன்" என்றான் கணவன்.

"கடைசிக் காட்சியில எல்லாரும் மேடையோட விளிம்புக்கு வந்துடறாங்க. நடுவுல நின்னா பேரிங் தாங்கிக்கும். விளிம்புல நிக்கிற ஆளோட எடை பேரிங்கை ஒரு பக்கமாப் போட்டு நெம்பும். அடிச்சு விடற கணக்கு இல்லைங்க இது."

கணவன் தொலைபேசிக் கம்பெனியில் வாடிக்கையாளர் குறைதீர்க்கும் பிரிவில் இருந்தான். கோபமாகக் கூப்பிடுகிறவர்களைச் சமாதானப்படுத்துவது அவன் தொழில். அவனிடம் பேசிச் சமாதானம் ஆனவர்களைவிட, பேசிவிட்டு இணைப்பே வேண்டாம் என்று போனவர்கள்தான் அதிகம். ஆனாலும் தன் திறமையில் அவனுக்கு இம்மியளவும் சந்தேகம் வந்ததில்லை.

"கேட்டாத்தானே வம்பு?" என்றான் கண்ணைச் சிமிட்டி. "கேக்காமலே பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் அத்தானையும் சாப்பிடக் கூப்பிட்டான். கடையிலிருந்து புதிதாக ஒரு எடைமெஷின் வாங்கி வந்து வாசல் மிதியடிக்கு அடியில் ஒளித்தான். எண் காட்டுகிற முனை மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. அக்கா உள்ளே வரும்போது செருப்பைத் தேடுகிற சாக்கில் அவன் தரையில் படுத்துக்கொள்வான், எண்ணைப் படித்துவிடுவான். ஏற்பாடு அவ்வளவுதான்.

மெஷின் பேசும் என்பது அவனுக்குத் தெரியாது. அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததாம். அவன் படிக்கவில்லை.

அண்ணி வாசலுக்கு வந்தாள். முன்னால் நடந்தால் பின்னால் நாலு தோழிகள் வருகிற மாதிரி ஒரு நடை அவளுக்கு. ஒரு கையில் பழக்கூடை, இன்னொரு கையில் கைப்பை. மிதியடியில் காலை வைத்தாள்.

"தயவுசெய்து அசையாமல் நிற்கவும்" என்றது காலடியிலிருந்து ஒரு இனிமையான பெண்குரல்.

அண்ணி சிலையாகிவிட்டாள். "யாரும்மா அது?"

பின்னால் வந்த அத்தான் என்னவோ ஏதோவென்று பதறி, அவளைப் பிடித்துக்கொள்ள அதே மிதியடியில் ஏறினார்.

"அளவிட முடியவில்லை" என்றது குரல். "தயவுசெய்து ஒருவர் மட்டும் ஏறவும்."

அண்ணி குனிந்து மிதியடியைத் தூக்கினாள். மெஷினைப் பார்த்தாள். தரையில் படுத்திருந்த தம்பியைப் பார்த்தாள். கடைசியாகக் கணக்கம்மாவைப் பார்த்தாள். கடைசிப் பார்வைதான் அதிக நேரம் நின்றது.

"இது யாரோட யோசனை?"

"அவளோட ஆபீஸ் வேலைக்காக..." என்று தரையிலிருந்து ஆரம்பித்தான் கணவன்.

பழக்கூடை வாசலிலேயே இறங்கியது. அண்ணி படியிறங்கிப் போய்விட்டாள். அத்தான் ஒரு கணம் தயங்கி, சமையலறைப் பக்கமிருந்து வந்த வாசனையை ஆழ்ந்து இழுத்துவிட்டு, அவள் பின்னாலேயே ஓடினார்.

மிதியடியில் காலை விட்டது அண்ணி. முழுகியது கணக்கம்மா.

"கவலைப்படாத. நான் பேசி சரி பண்றேன்" என்றான் கணவன்.

"வேண்டாம். நீங்க பேசவே வேண்டாம்."

அதற்குள் போனைப் போட்டுவிட்டான். தன் சாமர்த்தியம் மனைவி காதிலும் விழட்டும் என்று ஒலிபெருக்கியையும் போட்டான்.

"அக்கா, தப்புதான். ஆனா பாரு, அவளும் நல்லதுக்குத்தான் செஞ்சா. யானைக்கும் அடி சறுக்கும் இல்லையா?"

மறுமுனையிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "யாருடா யானை?"

"ஐயோ, உன்னைச் சொல்லலக்கா! இவளைச் சொன்னேன்!"

"நான் யானையா?" என்றாள் பக்கத்தில் நின்ற கணக்கம்மா.

இரண்டு பக்கமும் தீப்பிடித்துக்கொண்டதும் அவன் தன் முழுத் திறமையையும் எடுத்துப் பிரயோகித்தான். "அக்கா, நீ நினைக்கிற மாதிரி இல்ல. உன் மேல எவ்வளவு மரியாதை இருந்தா உனக்குன்னே தனியா ஒரு புது பேரிங் போடுவாங்க!"

"ஓகோ. அப்போ பழசு உடைஞ்சது என்னாலதான்னு பேசிக்கறீங்க."

போன் வைக்கப்பட்டது.

மறுநாள் அண்ணி நாடகத்திலிருந்தே விலகிக்கொண்டாள். 'என்னைத் தாங்காத மேடையில் நான் ஏறுவதாக இல்லை' என்று சொல்லி அனுப்பினாள். நாடகத்தின் இயக்குநர் தலையில் கை வைத்தார். மகாராணி இல்லாமல் அந்த நாடகத்தில் மிஞ்சுவது கதவும் திரையும்தான். அவர் ஓடிவந்து முதலாளியின் முன்னால் நின்றார். முதலாளி கணக்கம்மாவைக் கூப்பிட்டார்.

"மேடை பாரம் தாங்குமான்னு பாருங்கன்னு சொன்னா, நீங்க நாடகத்தையே நசுக்கிட்டீங்களேம்மா!"

"ஒரு எடைதான் சார் பாக்கி."

"ஒரு எழுபதுன்னு போடுங்க. கிடங்குல சின்ன பேரிங் ஒண்ணு சும்மா கிடக்கு. எழுபது போட்டா அது தாங்குமா, தாங்காதா?"

அவள் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தாள். "தாங்கும் சார். மயிரிழையில."

"இது போதும்."

"அந்த வார்த்தைலதான் சார் ராஜா கீழ விழுந்தார்."

முதலாளியின் முகம் கறுத்தது. "சரி. அப்போ போய் அந்த அம்மா கையில காலில விழுந்து எடையை வாங்கிட்டு வாங்க. அவங்க மேடை ஏறணும், நாடகம் நடக்கணும். இல்லைன்னா கணக்குக்குன்னு தனியா ஒரு மேஜை இந்தத் தொழிற்சாலைக்குத் தேவையில்ல."

கணக்கம்மா அரங்கத்துக்குப் போனாள். கைப்பையில் ஒரே ஒரு எஃகுக் குண்டு இருந்தது.

ஒத்திகைக் கூடத்தில் அத்தனை பேரும் இருந்தார்கள். அண்ணி தன் கண்ணாடியையும் சீப்பையும் பொடி டப்பாவையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் எடுத்து, எல்லோரும் பார்த்தாயிற்றா என்று நிதானித்து, பிறகுதான் போட்டாள். எவ்வளவு கோபம் இருந்தால் என்ன, நடிகை நடிகைதான்.

"அண்ணி, ஒரே நிமிஷம்."

"தராசு எங்க? முதுகுக்குப் பின்னாலயா?"

கணக்கம்மாவுக்குப் பேச்சு வராது. மன்னிப்புக் கேட்கத் தெருவெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததும் மறந்துபோயிற்று. குண்டை எடுத்து அண்ணியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உங்க பழைய பேரிங்குல இருந்தது. விரலால தடவிப் பாருங்க."

அண்ணி வேண்டாவெறுப்பாகத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. "பள்ளமா இருக்கு."

"ஆமா. அந்தப் பள்ளம் உங்களால வரல அண்ணி. இங்க இருக்கற யாராலயும் வரல. யாரும் கணக்கே போடாம மாட்டினதால வந்தது. பாரம் அதிகமா இருக்கறது தப்பே இல்ல. எவ்வளவு அதிகமா இருந்தாலும் அதைத் தாங்கற பேரிங் ஒண்ணு உலகத்துல இருக்கு. நான் தேடிக் கொண்டுவந்து போடறேன். ஆனா எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும். பத்து கிலோவை மறைச்சா, அந்தப் பத்து கிலோ எங்கயும் போயிடாது. நேரா போய் இந்தக் குண்டு மேல உக்காரும். இரும்புக்கு முகதாட்சண்யம் கிடையாது. மேடை நடுவழியில நிக்கும். இந்தத் தடவை யார் விழுவாங்க, எப்படி விழுவாங்கன்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

மூச்சு வாங்கியது அவளுக்கு. வாழ்நாளில் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதில்லை.

மந்திரி தொண்டையைச் செருமினார். தளபதி விட்டத்தைப் பார்த்தார். தோழிகளாக நடிக்கிற இரண்டு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். இளவரசன் கட்டியிருந்த காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். கணக்கம்மா இதில் எதையும் கவனிக்கவில்லை. அவள் கண் அண்ணியின் முகத்தைவிட்டு அகலவில்லை.

அண்ணி குண்டைக் கையில் உருட்டியபடி கூடத்திலிருந்த ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு குண்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு வா. சொல்றேன்."

மறுநாள் போனபோது அண்ணி நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அரசவைக் காட்சியே பகலில் நடப்பது போலிருந்தது.

"எழுதிக்கோ" என்றாள் அண்ணி. "இருநூத்து முப்பத்தேழு கிலோ."

யாரோ கையிலிருந்த கிரீடத்தைக் கீழே போட்டார்கள். அது உருண்டு ஓடி, சுற்றிச் சுற்றி, கடைசியில் படுத்தது.

"அண்ணி..."

"நம்பர் கேட்ட. கொடுத்துட்டேன். அதுல ஒரு கிலோ குறைச்சுப் போட்டன்னு தெரிஞ்சா நான் மேடை ஏற மாட்டேன். அவ்வளவுதான்."

கணக்கம்மா முகம் சிவக்க வீட்டுக்கு வந்தாள். இது எடையா? பத்துப் பேர் நடுவில் நிறுத்திவைத்து, 'நீயும் உன் கணக்கும்' என்று முகத்தில் எறிந்தது இல்லையா? அண்ணி கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக இருநூற்று முப்பத்தேழா? அத்தானையும் அவர் ஸ்கூட்டரையும் சேர்த்து நிறுத்தால்தான் அவ்வளவு வரும்.

"கோபத்துல சொல்லியிருப்பா" என்றான் கணவன்.

"கோபத்துல சொல்றவங்க இருநூறும்பாங்க, முந்நூறும்பாங்க. அது என்னங்க முப்பத்தேழு?"

"எங்க அக்கா திட்டினாக்கூட நறுக்குன்னுதான் திட்டுவா. நான் வேணா போன் பண்ணிக் கேக்கட்டுமா?"

அவள் போனைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

காலையில் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, எண்ணைக் குறைத்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தாள். எழுபத்தேழு என்று போட்டால் யார் கண்டது? சின்ன பேரிங், சிரித்த முகத்தோடு முதலாளி, தப்பித்த மேஜை. விரல் கால்குலேட்டர் பொத்தான் வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. இத்தனை பாடுபட்டு ஒருத்தியிடம் கேட்டு வாங்கிய எண்ணைத் தன் இஷ்டத்துக்கு மாற்றினால், பிறகு கேட்டதற்கு என்ன அர்த்தம்? முதலாளி காதில் வைத்துக் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இது நியாயமான காரணம். நியாயமில்லாத காரணம் ஒன்றும் இருந்தது: குறைத்துப் போட்டது அண்ணிக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் அந்த வீட்டுப் படியேற முடியாது.

இருநூற்று முப்பத்தேழைப் போட்டாள். மேடையின் சொந்த எடை போக, மேலே ஏறுகிற பாரம் மொத்தம் ஆயிரத்து நானூற்று எண்பது கிலோ வந்தது. சின்ன பேரிங் ஆயிரத்து முந்நூற்று ஐம்பதுக்கு மேல் தாங்காது.

முதலாளி தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "இது ஒரு மனுஷியோட எடையா, மோட்டார் பைக்கோட எடையா?"

"அவங்க வாயால சொன்னது சார். பெரிய பேரிங்தான் போடணும்."

"உங்களுக்குக் கண்ணு இருக்கில்ல?"

"கண்ணால பாத்துத்தான் சார் போன தடவை மாட்டினோம்."

வாதத்தில் தோற்ற முதலாளிக்கு வீம்பு வரும். வந்தது.

"சரி. பெரிசே வாங்கி மாட்டறேன். ஆனா மேடைக்கு அடியில எடை காட்டற மீட்டர் ஒண்ணையும் சேத்து மாட்டறேன். வெறும் மேடையை பூஜ்யத்துல வச்சுட்டு, மேல ஏறற பாரத்தை மட்டும் பாப்போம். நாடகத்தன்னிக்கு அரங்கத்தார், இயக்குநர், நான், நீங்க எல்லாரும் பக்கத்துல நின்னு பாப்போம். உங்க கணக்குக்கும் உண்மைக்கும் எவ்வளவு தூரம்னு அன்னிக்குத் தெரியும். தெரிஞ்சதும் அந்த மேஜையைக் கிடங்குக்கு அனுப்பிடலாம்."

தூரம் எவ்வளவு என்று கணக்கம்மாவுக்கு மீட்டர் இல்லாமலே தெரியும். நூற்று ஐம்பது, நூற்று அறுபது கிலோ. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பியது போதாதென்று, அந்த பூதத்துக்கு எடை வேறு போடவேண்டியதாயிற்று.

நாடகத்தன்று மதியத்திலிருந்தே அரங்கம் நிறைந்துவிட்டது. போன தடவை ராஜா விழுந்த கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. அதைப் பார்க்கவென்றே பாதிப் பேர் வந்திருந்தார்கள். கணவன் முதல் வரிசையில் அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். அத்தான் இரண்டு தடவை இடம் மாறிப் பார்த்தார். அவனும் மாறினான்.

மேடையின் பக்கவாட்டில், திரைமறைவில், மீட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. முதலாளி சுவரில் சாக்கட்டியால் இரண்டு எண்களை எழுதியிருந்தார். ஒன்று சின்ன பேரிங்கின் எல்லை, இன்னொன்று கணக்கம்மாவின் மொத்தம். இரண்டாவது எண்ணைச் சுற்றி, திருடனைப் பிடித்த மாதிரி, ஒரு வட்டமும் போட்டிருந்தார்.

கடைசிக் காட்சி. அரியணையும் ராஜாவும் ஏறியாயிற்று. தோழிகள் ஏறினார்கள். எண் நகர்ந்தது. தளபதி ஏறினார்.

கணக்கம்மா புருவத்தைச் சுருக்கினாள். தளபதி சொன்னது ஐம்பத்தெட்டு. உடையைக் கழித்த பிறகும் எண் எழுபதுக்கு மேல் நகர்ந்திருந்தது.

"மீட்டர் சரியா இருக்கா சார்?" என்று மெல்லக் கேட்டாள்.

"புத்தம் புதுசு" என்றார் முதலாளி சிரித்துக்கொண்டு.

இளவரசன், புலவர், காவலர்கள். ஒவ்வொருவர் ஏறும்போதும் எண் அவள் எதிர்பார்த்ததைவிட ஒரு படி கூடுதலாக ஏறிற்று. மந்திரி பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்து மேடையில் காலை வைத்தார். மீட்டர் ஒரு தாவு தாவியது. முதலாளியின் சிரிப்பு ஒரு பக்கம் இறங்கியது. மகாராணி இன்னும் வரவே இல்லை, அதற்குள் எண் சின்ன பேரிங்கின் எல்லையைத் தாண்டிவிட்டது.

"என்னம்மா இது?"

"தெரியல சார்" என்றாள் கணக்கம்மா. நிஜமாகவே தெரியவில்லை.

மகாராணி வந்தாள். ஒரு கணம் திரையோரத்தில் நின்று தோளை நிமிர்த்திக்கொண்டாள். மேடை ஏறினாள். எண் மளமளவென்று ஓடி, தடுமாறி, நின்றது.

ஆயிரத்து நானூற்று எண்பத்து நான்கு.

இயக்குநர் கையைக் காட்டினார். இசை எழுந்தது. நடுவில் நிற்கவேண்டிய காவலர்கள்கூட, ஜனங்கள் கண்ணில் நன்றாகப் படவேண்டும் என்று, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு விளிம்புக்கு வந்துவிட்டார்கள். பத்தொன்பது பேரும் ஒரே பக்கம். கணக்கம்மா நகத்தைக் கடித்தாள்.

மேடை சுற்றியது.

விக்கல் இல்லை. முனகல் இல்லை. குளத்தில் படகு திரும்புவது போலத் திரும்பிற்று. ராஜா அரியணையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொன்றையும் எடுத்து, சபையைப் பார்த்து விரித்தார். ஒரு முழுச் சுற்று. அண்ணி விளிம்பில் நின்று தன் கடைசி வசனத்தை மேடை சுற்றச் சுற்றச் சொன்னாள். அந்தக் குரலுக்கு மேடையே வழிவிட்டுத் திரும்புகிற மாதிரி இருந்தது. ராஜா விழுவதைப் பார்க்க வந்தவர்கள்கூட அதை மறந்துபோய் எழுந்து நின்றார்கள். கைதட்டலில் மீட்டர் கொஞ்சம் நடுங்கியது.

முதலாளி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதே கைக்குட்டையால் சுவரிலிருந்த சின்ன பேரிங்கின் எண்ணையும் அழித்தார்.

"நாலு கிலோ" என்றார். "நாலே நாலு கிலோ வித்தியாசம். நான் சொன்னதைக் கேட்டிருந்தீங்கன்னா இன்னிக்கு அத்தனை பேரும் வாத்தியக்காரங்க மடியில இருந்திருப்பாங்க."

திரை விழுந்ததும் அவரே மேடையேறினார். யாரும் பேசக் கூப்பிடவில்லை, ஆனாலும் பேசினார். "இனிமே எங்க தொழிற்சாலையிலேர்ந்து கணக்கம்மா சரின்னு சொல்லாம ஒரே ஒரு குண்டுகூட வெளிய உருளாது!" என்றார். ராஜா தன் கிரீடத்தைக் கழற்றிக் கணக்கம்மாவின் தலையில் வைத்தார். அது காதுவரைக்கும் இறங்கியது. மந்திரியும் தளபதியும் மற்றவர்களைவிட பலமாகக் கைதட்டினார்கள். கணவன் நாற்காலி மேல் ஏறி நின்று, "என் பொண்டாட்டி! என் பொண்டாட்டி!" என்று கத்தினான். அவனைச் சமாதானப்படுத்த ஆளில்லை.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கிரீடத்தை நிமிர்த்திச் சரியாக வைத்துவிட்டாள்.

"மேடை நல்லா சுத்திச்சு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. உன் புருஷனையும் கூட்டிட்டு வா, அவன் வாயை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வரச் சொல்லு" என்றாள். அத்தோடு தன்னைப் பாராட்டக் காத்திருந்தவர்கள் பக்கம் போய்விட்டாள்.

கணக்கம்மா அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எந்தக் கண்ணால் பார்த்தாலும் எண்பது கிலோவைத் தாண்டாத உருவம். சந்தோஷம் தொண்டைவரைக்கும் இருந்தது. ஆனால் சரியாக வரக்கூடாத கணக்கு ஒன்று சரியாக வந்தால், கணக்குத் தெரிந்தவளுக்குத் தூக்கம் வருமா? கிரீடத்தைக் கழற்றாமலே ஒப்பனை அறைக்குப் போனாள். அங்கே ஒப்பனைக்காரம்மா தனியாக உட்கார்ந்து முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் சாயம் பூசிவிட்டு, தானும் ஒரு தோழியாக மேடையேறுகிறவள் அவள்.

"எனக்கே புரியலம்மா" என்று பக்கத்து நாற்காலியில் சாய்ந்தாள் கணக்கம்மா. "எங்க அண்ணி என் மேல இருந்த கோபத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னாங்க. அதை வச்சுப் போட்ட கணக்கு எப்படி நாலு கிலோவுக்குள்ள வந்து நின்னுது?"

ஒப்பனைக்காரம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு, பாதிச் சாயம் போன முகத்தோடு கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள்.

"கோபமா? நீங்க குண்டைக் காட்டிட்டுப் போன அன்னிக்கு எங்க பதினெட்டுப் பேரையும் இதே ரூம்ல நிக்க வச்சு, யார் யார் எத்தனை கிலோ மறைச்சோம்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கறந்து, அத்தனை பொய்யையும் தன் தலையில ஏத்திக்கிட்டுத்தாம்மா அந்த நம்பரைச் சொன்னாங்க. அந்த நாலு கிலோ மட்டும்தான் அவங்க சொந்தப் பொய்!"